பெட்டியில் உறங்கும் ஊர்

ஊரை விட்டுப் புறப்பட்ட நாளில் நாம் எவற்றையெல்லாம் எடுத்துக்கொண்டு வந்தோம் என்று சற்றே எண்ணிப் பார்ப்போம். நாலைந்து பாத்திரங்கள், சுவாமி படம், படிப்புச் சான்றிதழ்கள், துணிமணிகள். இவற்றோடு தகரப் பெட்டியின் அடியில் ஒரு பழுப்பு நிற உறை. அதற்குள் பத்துப் பதினைந்து புகைப்படங்கள். மும்பையிலோ தில்லியிலோ பெங்களூரிலோ குடியேறிய பின் வாடகை வீடுகள் பல மாறின; பாத்திரங்களும் மாறின; அந்த உறை மட்டும் பெட்டி விட்டுப் பெட்டி மாறி இன்னும் நம்மோடு இருக்கிறது. போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது அது வெளியே வரும். "இவர் யார்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். வீட்டில் ஒரு பெரியவர் இருக்கும் வரையில் அந்தக் கேள்விக்கு விடை உண்டு. அவர் மறைந்த பிறகு படம் இருக்கும், விடை இராது.

அந்த உறையைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறோம். அதில் இருப்பவை அரசர் படங்களும் அல்ல, தலைவர் படங்களும் அல்ல. திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டனார், புதிதாக வாங்கிய சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இளைஞர், பள்ளிக்கூட ஆண்டு விழா, அலுவலகத்தில் ஒருவருக்கு நடந்த பிரிவுபசாரம், கடைவீதி வழியே போகும் தேர் என இவை சிற்றூர் வாழ்க்கையின் சிறு சிறு துண்டுகள். இத்தகைய பழைய படங்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் நாட்டின் பல பகுதிகளில் இன்று உள்ளனர். இதை வெறும் பொழுதுபோக்கு என்று கருதுவாரும் உண்டு. ஊர் வரலாற்றை எழுத முற்படுவோருக்கோ இது கல்வெட்டைப் படியெடுப்பதற்கு ஒப்பான பணி. இதன் அருமையைப் பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களின் எல்லைப் பகுதிகளைக் கொண்டு விளக்க முயல்வோம்.

முதலில், படக்கலை நம் நாட்டுக்கு வந்த வரலாற்றைச் சுருக்கமாக நினைவு கூர்வோம். பிரான்சு நாட்டில் டாகேர் கண்ட முறை 1839ஆம் ஆண்டு உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் அது இந்தியாவை எட்டியது. சென்னையில் கலைப்பள்ளியை நிறுவிய டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் இக்கலைக்குப் பேராதரவு தந்தார். 1850களின் நடுவில் சென்னையில் படக்கலைச் சங்கம் ஒன்றும் தோன்றியது. சென்னை அரசாங்கத்தின் படக்கலைஞராக அமர்ந்த லின்னேயஸ் ட்ரைப் 1858இல் திருவரங்கம், புதுக்கோட்டை, தஞ்சை, மதுரை முதலிய ஊர்களுக்குச் சென்று படங்கள் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு வரிகளை அவர் 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று இணைத்து, 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார்.

அக்காலப் படங்களில் கோபுரங்களும் கோட்டைகளும் தெளிவாகத் தெரிகின்றன. மக்களைக் காண்பது அரிது. இதற்கு இரண்டு காரணங்கள். கருவி தன் கண்ணை நெடுநேரம் திறந்து வைத்திருக்க வேண்டியிருந்ததால், நடந்து போகிறவரின் உருவம் படத்தில் பதியாமலே போய்விடும். இஃது ஒன்று. மற்றொன்று, படம் எடுக்கச் சொன்ன அரசாங்கத்துக்கு வேண்டியது கட்டடமே; அதன் வாசலில் பூ விற்றவளின் முகம் அதற்குத் தேவைப்படவில்லை. திருவிதாங்கூர் அரசுக்காகச் சக்கரியா டிக்ரூஸ் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எடுத்த படங்களிலும் அரண்மனை, அருவி, சாலை, நீர்நிலை ஆகியவையே முதன்மை பெற்றன.

பொதுமக்களின் முகம் படத்தில் ஏறியதற்கு இரண்டு வழிகள் காரணமாயின. முதலாவது, பெரிய நகரங்களிலிருந்து சிறிய ஊர்களுக்குப் பரவிய ஸ்டூடியோ. இரண்டாவது, கையில் எடுத்துச் செல்லக்கூடிய சிறு காமிரா. அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888இல் 100 படம் எடுக்கக்கூடிய சுருளோடு கோடக் காமிராவை விற்கத் தொடங்கினார். சுருள் முடிந்ததும் காமிராவையே தொழிற்சாலைக்கு அனுப்பிவிட வேண்டும். படங்கள் கழுவப்பட்டுத் திரும்பி வரும். 1900இல் அதே நிறுவனத்தின் பிரௌனி என்னும் பெட்டிக் காமிரா ஒரு டாலர் விலைக்கு வந்தது. நம் நாட்டில் அத்தகைய பெட்டிகள் முதலில் அதிகாரிகள், தோட்டத் துரைமார், பாதிரிமார் ஆகியோரிடம் இருந்தன. பின்னர் வக்கீல்கள், ரயில்வே ஊழியர்கள், ஆசிரியர்கள் என்று மெல்ல மெல்லப் பரவின. விடுதலைக்குப் பிறகு அக்பா கிளிக் போன்ற எளிய காமிராக்கள் இந்தியாவிலேயே செய்யப்பட்டன. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு சதுரப் படங்கள். உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967 முதல் 'இந்து' என்னும் பெயரில் படச்சுருள் செய்தளித்தது. அத்தொழிற்சாலை இன்று இயங்கவில்லை. அதன் சுருளில் பதிந்த முகங்கள் எத்தனையோ வீட்டுப் பெட்டிகளில் இருக்கின்றன.

இனி, நாம் எடுத்துக்கொண்ட நிலப்பகுதிக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். கோயம்புத்தூர்க் காற்றும் மலையாளக் கரை மழையும் அவ்வழியாகவே போய்வருகின்றன, மக்களும் அப்படியே. அதற்குத் தெற்கே ஆனைமலைத் தொடர் உயர்ந்து சென்று மூணாறு, தேவிகுளம், பீர்மேடு ஆகிய மலைநாடுகளாக விரிகிறது. போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி ஆகிய வழிகள் அந்த மலைநாட்டைத் தேனி மாவட்டத்தோடு இணைக்கின்றன. இவ்விரு பகுதிகளிலும் தமிழ் பேசும் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர்.

ஆட்சி எல்லைகளோ பலமுறை மாறின. பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லாவில் இருந்தது. அதை அடுத்த சித்தூர் கொச்சி அரசைச் சேர்ந்தது. மூணாறு திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டது. 1956 நவம்பர் 1ஆம் நாள் இவை மூன்றும் கேரள மாநிலத்துள் அடங்கின. 1957 ஜனவரி 1இல் பாலக்காடு மாவட்டமும், 1972 ஜனவரி 26இல் இடுக்கி மாவட்டமும் உருவாயின. இருந்த வீட்டிலேயே இருந்துகொண்டு மூன்று ஆட்சிகளைக் கண்ட குடும்பங்கள் அங்கே உண்டு. இத்தகைய எல்லைப்புறத்து மக்களின் வாழ்வு எந்த ஓர் அரசின் ஆவணத்திலும் முழுமையாகக் கிடைப்பதில்லை. ஆகவேதான் அவர்கள் வீட்டுப் பெட்டிக்குள் இருக்கும் படத்துக்குத் தனி மதிப்பு ஏற்படுகிறது.

பாலக்காட்டுத் தமிழருள் பலர் உத்தியோகம் தேடி முன்னமே வெளியூர் சென்றவர்கள். கல்பாத்தி முதலிய அக்கிரகாரங்களை அவ்வூரார் 'கிராமம்' என்றே வழங்குவர். அக்கிராமங்களிலிருந்து பம்பாய்க்கும் தில்லிக்கும் கல்கத்தாவுக்கும் கணக்கெழுதவும் சுருக்கெழுத்து வேலைக்கும் சமையல் தொழிலுக்கும் சென்றவர்கள் ஏராளம். ஒலவக்கோடு ரயில் நிலையத்தில் வண்டி ஏறி மாதுங்காவில் போய் இறங்கியவர்கள் தங்களோடு படங்களையும் எடுத்துச் சென்றனர். அந்த ஒலவக்கோடு நிலையமே இன்று பாலக்காடு சந்திப்பு என்று வழங்குகிறது; பழைய பெயர்ப்பலகையைக் காண வேண்டுமாயின் பழைய படங்களில்தான் தேட வேண்டும்.

இக்குடும்பப் படங்களில் பெரும்பாலானவை ஸ்டூடியோப் படங்கள். நாற்காலியில் பெரியவர், பக்கத்தில் சிறு மேசை, மேசைமேல் பூச்சாடி, பின்னால் தீட்டிய திரையில் மாளிகைத் தூணும் மாடிப்படியும். யார் யார் என்பது வீட்டாருக்குத் தெரியும். ஆனால் அவர்கள் நடந்த தெரு, குளித்த ஆறு, பொருள் வாங்கிய கடை ஆகிய எவையும் படத்தில் இல்லை. பெயர் உண்டு, ஊர் இல்லை. ஆதலால், யாரோ ஒருவர் பெட்டிக் காமிராவால் போகிற போக்கில் எடுத்த தெருப்படம் ஒன்று கிடைக்குமாயின், அது கலங்கலாக இருந்தாலும் பத்து ஸ்டூடியோப் படங்களைவிடப் பயன் தரும். திண்ணைத் தூணின் வடிவம், வாசல் கோலம், தேர் வடத்தைப் பிடித்தவர்கள் உடுத்தியிருந்த விதம் ஆகியவற்றை அதில் காணலாம். அவற்றை எவரும் 'எடுக்க' நினைக்கவில்லை; தாமாக வந்து அமர்ந்துவிட்டன. திட்டமிட்டு எடுக்காதவற்றைக் காட்டுவதே சாதாரணப் படத்தின் பெருமை.

அப்பகுதியில் வேறு வகைப் படங்களும் உள்ளன. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்துக் கிறிஸ்தவ சங்கம் 1858இல் பாலக்காட்டில் பணியைத் தொடங்கியது. மலபார் வாழ்க்கையைக் காட்டும் அச்சங்கத்தின் பழைய படங்கள் பாசல் ஆவணக் காப்பகத்தில் பேணப்படுகின்றன. கணினி வழியாக அவற்றை எவரும் பார்க்க இயலும். பாலக்காட்டு இலட்சுமிநாராயணபுரத்தில் 1861இல் பிறந்த எல். கே. அனந்தகிருஷ்ண ஐயர் கொச்சி நாட்டுக் குடிகளை ஆராய்ந்து எழுதிய நூல் 1909, 1912ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வந்தது. நெல்லியாம்பதி, பறம்பிக்குளம் காடுகளில் வாழும் காடர் முதலியோரின் படங்கள் அதில் உள்ளன. அறிவுலகுக்கு அரிய தொண்டு அது. எனினும் படத்தில் நிற்பவருக்குப் பெரும்பாலும் குலத்தின் பெயரே தரப்பட்டது. அவருடைய சொந்தப் பெயர் அங்கே இல்லை.

பறம்பிக்குளத்துத் தேக்கை வெளியே கொண்டுவரக் கொச்சி அரசு அமைத்த காட்டு டிராம்வே 1907 முதல் 1963 வரை சாலக்குடி நோக்கி ஓடியது. காட்டின் ஊடே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் சென்ற அந்தப் பாதையில் வண்டிகள் ஓடிய காட்சியை இன்று படத்தில் மட்டுமே காணலாம்.

இதைப் போன்றதொரு மறைந்த ரயில் இடுக்கிப் பக்கத்திலும் இருந்தது. அதன் வரலாறு இன்னும் நெஞ்சைத் தொடுவது. 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்பவர் பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். அடுத்து வந்த ஆண்டுகளில் அங்கே தோட்டங்கள் எழுந்தன. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிமார் மூலமாகக் குடும்பம் குடும்பமாகத் தமிழ் மக்கள் மலையேறினர். தேயிலையை வெளியே அனுப்ப மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரையில் 1902இல் ஒற்றைத் தண்டவாளப் பாதை போடப்பட்டது. மாடுகள் இழுத்த வண்டிகள் அதில் சென்றன. 1908இல் அதற்குப் பதிலாக நீராவி எஞ்சின் ஓடும் சிறு ரயில்பாதை வந்தது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கீழே கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து போடிநாயக்கனூருக்கு வண்டியில் சென்றன.

1924 ஜூலையில் பெருமழை கொட்டியது. கொல்லம் ஆண்டு 1099 ஆகையால் மலையாள நாட்டார் அதைத் 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்று இன்றும் குறிப்பிடுவர். அந்த வெள்ளத்தில் பாலங்களும் தண்டவாளங்களும் அடித்துச் செல்லப்பட்டன. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் அதன் பின் ஓடவே இல்லை. பதினாறே ஆண்டுகள் ஓடிய அந்த நீராவி ரயிலின் தோற்றத்தை இன்று நமக்குக் காட்டுபவை சில புகைப்படங்களே. மூணாறு நல்லதண்ணி எஸ்டேட்டில் 2005இல் தொடங்கப்பட்ட தேயிலை அருங்காட்சியகத்தில் பழைய மூணாறின் படங்களைக் காணலாம்.

அத்தகைய தோட்டத்துப் பழம்படங்களை உற்று நோக்குவோர் ஒன்றைக் கவனிப்பர். எஞ்சினின் வடிவம் துல்லியமாகத் தெரியும். பின்னால் உள்ள மலைக்குப் பெயர் உண்டு. தோட்டத்துக்குப் பெயர் உண்டு. துரையின் பெயரும் பல படங்களில் குறிக்கப்பட்டிருக்கும். வேட்டியும் தலைப்பாகையுமாக, கம்பளி போர்த்து, கூடை சுமந்து நிற்பவர்களுக்கு மட்டும் பெயர் இல்லை. 'கூலிகள்' என்ற ஒரு சொல்லே அவர்களுக்குப் போதும் என்று எண்ணிவிட்டார்கள். பாலக்காட்டுக் குடும்பப் படத்தில் பெயர் உண்டு, ஊர் இல்லை என்றோம். இங்கே ஊர் உண்டு, பெயர் இல்லை. ஒரே மலைத்தொடரின் இரண்டு ஓரங்களில் வாழ்ந்த தமிழரின் வரலாறு இவ்வாறு இரண்டு பாதிகளாகக் கிடக்கிறது.

முல்லைப் பெரியாறு அணையையும் இங்கே நினைக்கலாம். 1887இல் தொடங்கி 1895இல் முடிந்த அந்த அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்கின் படத்தைக் கம்பம் பள்ளத்தாக்கில் பல வீடுகள் போற்றி மாட்டி வைத்துள்ளன. நன்றி மறவாத அப்பண்பு போற்றத்தக்கது. அதே அணைப்பணியில் காய்ச்சலாலும் விபத்தாலும் மாண்ட தொழிலாளருக்குச் சுவரில் மாட்ட ஒரு படமும் கிடையாது. படம் உள்ளவர் நினைவில் நிற்கிறார் என்பதற்கும், இல்லாதவர் எவ்வளவு விரைவில் மறைகிறார் என்பதற்கும் இதனினும் வேறு சான்று வேண்டுமா?

சரி, பெயரும் தேதியும் இல்லாத படம் ஒன்று கையில் கிடைத்தால் அதன் காலத்தை எவ்வாறு அறிவது? படமே சில குறிப்புகளைத் தரும். பின்புறத்து முத்திரையில் 'மலபார்' என்று முகவரி இருந்தால் அது பெரும்பாலும் 1956க்கு முற்பட்டது. 'இடுக்கி ஜில்லா' என்றிருந்தால் 1972க்குப் பிற்பட்டது. அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்டு 15இல் நடைமுறைக்கு வந்தது; ஆகவே முகவரியில் ஆறு இலக்க எண் இருப்பின் படம் அதற்குப் பிந்தியதே. கடைப்பலகையில் விலை 'நயா பைசா'வில் எழுதப்பட்டிருந்தால் 1957 ஏப்ரலுக்கும் 1964 ஜூனுக்கும் இடைப்பட்ட காலம் என்று கொள்ளலாம். சுவரில் சினிமா விளம்பரம் தெரிந்தால் இன்னும் நல்லது. 'சந்திரலேகா' என்றால் 1948ஐ ஒட்டியது, அல்லது அப்படம் மறுமுறை ஓடிய ஏதோ ஓர் ஆண்டு. ஓரத்தில் பல் பல்லாக வெட்டப்பட்ட சிறு படங்கள் 1930களிலிருந்து சில பத்தாண்டுகள் வழக்கில் இருந்தவை.

இவை யாவும் துணைச் சான்றுகளே. ஸ்டூடியோத் திரையில் தீட்டிய ஏரியை உண்மை ஏரி என்று எண்ணி ஏமாறுவதுண்டு. கோட்டும் கைக்கடிகாரமும் ஸ்டூடியோக்காரர் இரவலாகத் தந்தவையாக இருக்கலாம். பழைய நெகட்டிவிலிருந்து முப்பது ஆண்டு கழித்துப் புதிதாகப் படம் போட்டிருக்கலாம். ஆகையால், காலத்தை ஊகித்தால் ஊகம் என்றே எழுதி வைப்பது நேர்மை. எவ்வளவு நுணுகிப் பார்த்தாலும், படத்தில் இருப்பவர் யார் என்பதை மட்டும் படம் சொல்லாது. அதை ஒரு மனிதர்தாம் சொல்ல வேண்டும்.

அந்த மனிதரைத் தேடுவதில் காலம் தாழ்த்தலாகாது என்பதை எமக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறோம். மூணாற்றுத் தோட்டம் ஒன்றில் வேலை செய்து ஓய்வு பெற்ற குடும்பம் ஒன்று போடிப் பக்கத்தில் குடியேறியிருந்தது. அவர்கள் பெட்டியில் உள்ளங்கை அளவான ஒரு படம். லயத்து வாசலில் ஐந்து பெண்கள், தலையில் கம்பளி, காலடியில் ஒரு குழந்தை. வீட்டார் எவருக்கும் அவர்களைத் தெரியவில்லை. எண்பது வயதைக் கடந்த அத்தை ஒருவர் அடுத்த தெருவில் இருந்தார். படத்தை அவர் கையில் கொடுத்தோம். கண்ணருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒவ்வொருவராகப் பெயர் சொன்னார். யார் மகள், யாருக்கு வாழ்க்கைப்பட்டவள், சங்கரன்கோவில் பக்கமா கோவில்பட்டிப் பக்கமா என்பதெல்லாம் சொன்னார். கடைசியில் நிற்பவள்மேல் விரலை வைத்தார். "இவ என் கூட்டாளி. கொழுந்துக் கூடைய ரெண்டு பேருந்தான் சேர்ந்து இறக்குவோம். அடுத்த பிரசவத்துல போயிட்டா. இவளுக்குன்னு வேற படம் கிடையாது" என்றார். காலடியில் இருந்த குழந்தை அவளுடையது என்பதும் அப்போது தெரிந்தது.

ஐந்து பெயர்களையும் படத்தின் பின்புறத்தில் பென்சிலால் எழுதினோம். அந்தக் குழந்தை வளர்ந்து, வேலை நிமித்தம் வேறு மாநிலம் சென்று, அங்கேயே பேரன் பேத்திகளோடு இருப்பதாகக் கேள்விப்பட்டு, அப்படத்தின் நகல் ஒன்றை அனுப்பினோம். தாயின் முகத்தை அவர் முதன்முறையாகக் கண்டது அந்த நகலில்தான். அத்தை அடுத்த ஆறு மாதத்தில் காலமானார். ஆறு மாதம் கழித்து நாம் அவ்வீட்டுக்குப் போயிருந்தால், அது 'தேயிலைத் தோட்டப் பெண்கள் ஐவர்' என்ற படமாகவே நின்றிருக்கும்.

படங்களுக்கு வரும் கேடுகள் பல. மலைநாட்டு ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கிறது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட படங்களைப் பிரித்தால் முகம் உரிந்து வருகிறது. முற்காலத்து நெகட்டிவ்கள் கண்ணாடித் தகடுகளில் இருந்தன. அவற்றின் மேற்பூச்சைச் சுரண்டிவிட்டு வெறுங் கண்ணாடியாக விற்றவர்கள் உண்டு. டிஜிட்டல் காமிரா வந்த பிறகு சிற்றூர்களில் ஸ்டூடியோக்கள் பல மூடப்பட்டன. அவற்றில் இருந்த நெகட்டிவ்கள் பழைய பொருள் கடைக்குப் போயின. அண்மை ஆண்டுகளில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களையும் நெகட்டிவ்களையும் தேடிக் கணினிப் படிகளாக்கிக் காத்தது. போற்றத்தக்க பணி. ஆனால் ஒவ்வொரு வீட்டுப் பெட்டியையும் ஒரு நிறுவனம் வந்து திறக்க இயலாதன்றோ?

இயற்கையின் சீற்றம் எல்லாவற்றையும் ஒரே இரவில் கொண்டுபோவதும் உண்டு. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணில் புதைந்தன. 70 பேர் மாண்டனர். தலைமுறைகளாகத் தோட்டத்தில் உழைத்த தமிழ்க் குடும்பங்கள் அவை. உயிரிழப்பின் முன் வேறெதுவும் இழப்பாகாது. எனினும் அவ்வீடுகளோடு பெட்டிகளும் போயின. பெட்டிகளில் இருந்த முகங்களும் போயிருக்கும். அவற்றின் நகல்கள் எஞ்சியிருக்குமாயின், வெளியூரில் இருக்கும் உறவினர் வீடுகளில்தான் இருக்க முடியும்.

இந்த இடத்தில்தான் வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு ஒரு கடமை வந்து சேருகிறது. ஊரில் அழிந்த படத்தின் மறுபடி நம் உறையில் இருக்கலாம். திருமணப் படம் எடுத்தால் ஒரு படியை வெளியூர் உறவினருக்கு அனுப்புவது அக்கால வழக்கம் அல்லவா? ஆகவே பழம்படங்களைச் சேர்ப்போர் ஊரில் மட்டும் தேடினால் போதாது. மாதுங்காவிலும் கரோல்பாகிலும் தேட வேண்டியிருக்கிறது. நாமோ எங்கும் தேட வேண்டுவதில்லை. நம் பெட்டியைத் திறந்தால் போதும்.

செய்ய வேண்டியவை எளியன. வீட்டில் மூத்தவரை அமர்த்தி, படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, அவர் சொல்வதைக் கேளுங்கள். பெயர், ஊர், தெரு, ஏறத்தாழ எந்த ஆண்டு, எந்த நிகழ்ச்சி, யார் எடுத்த படம் என்பவற்றை மென்மையான பென்சிலால் படத்தின் பின்புறத்து ஓரத்தில் அழுத்தாமல் எழுதுங்கள். மைப்பேனா ஊறி முன்பக்கம் வந்துவிடும். சொன்னவர் பெயரையும் சொன்ன நாளையும் சேர்த்து எழுதுங்கள். பசையால் ஒட்டாதீர்கள். ஈரமில்லாத இடத்தில் தாள் உறையில் வையுங்கள். நகல் எடுத்து உறவினர் இரண்டு மூன்று பேருக்கு அனுப்பிவிடுங்கள். ஒரு வீட்டில் அழிந்தால் மற்றொரு வீட்டில் நிற்கும். பழைய ஆல்பத்தைப் பிரிக்கவும் வேண்டா. எந்தப் படத்துக்கு அடுத்து எந்தப் படம் என்ற வரிசையும் ஒரு செய்தியே.

சேர்ப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சந்தையில் அழகான படத்தை மட்டும் ஆல்பத்திலிருந்து பிய்த்து வாங்குவோர் உண்டு. அவர் கையில் ஓர் அழகிய படம் சேருகிறது. ஒரு குடும்பத்தின் தொடர்ச்சி அங்கே அறுகிறது. கூடுமானவரை மூலப்படம் அக்குடும்பத்திடமே இருக்கட்டும்; நகலைப் பெற்றுக்கொண்டால் போதும். வீட்டார் இசையாத படத்தை வெளியிடலாகாது. இறந்தவரை நாற்காலியில் அமர்த்தி எடுத்த படம் நம் நாட்டில் பல வீடுகளில் உண்டு. அது துயரத்தின் நினைவு, காட்சிப் பொருள் அன்று.

வரலாறு என்றால் மன்னர் பெயரும் போரின் ஆண்டும் என்று பள்ளியில் படித்தோம். கணவாய் கடந்து காற்றைப் போல வந்தவர்கள், கம்பளி போர்த்து மலையேறியவர்கள், ஒலவக்கோட்டில் வண்டி ஏறியவர்கள் ஆகியோருக்கும் வரலாறு உண்டு. அதன் ஏடு நம் கையில் இருக்கிறது. அதன் முன்பக்கம் எழுதியாயிற்று. ஒளியே அதை எழுதிவிட்டது. பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. பெரியவர் ஒருவர் இன்னும் அடுத்த அறையில் அமர்ந்திருக்கும் இவ்வேளையில், ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு அவர் அருகே செல்வோமாக.